பட்டன் டயரும் வெள்ளைத் துண்டும்

என் கணவருக்கு டயரைத் தவிர வேறு எதிலும் பெரிய ஈடுபாடு கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னைப் பார்த்ததைவிட எங்கள் வாசலில் நின்ற, பருத்தி ஏற்றும் வேனைத்தான் அதிக நேரம் பார்த்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அம்மா பூரித்துப்போனாள். வேனின் முன்சக்கரம் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருப்பதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. போகும்போது அதை என் அப்பாவின் காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டும் போனார். பொறுப்பான பிள்ளை என்று அப்பா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். என்னைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சிம்மக்கல்லில் எங்களுக்கு டயர் ரீட்ரேடிங் பட்டறை. தேய்ந்து மொட்டையாகிப் போன டயரைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி, மோல்டுக்குள் வைத்து நீராவியில் வேகவைத்தால் பழைய டயர் புதுத் தோலோடு வெளியே வரும். பட்டறை கீழே, வீடு மாடியில். வேகும் ரப்பரின் வாசனை என் பட்டுப்புடவையிலிருந்து பாயசம் வரைக்கும் எல்லாவற்றிலும் இருந்தது. விருந்தாளிகள் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்; இரண்டாம் நாள் அவசர வேலை வந்துவிட்டதாகச் சொல்லி ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வகையில் அந்த வாசனைக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மேலூர்ப் பக்கம் கல்குவாரி வைத்திருந்த ஒருவர் அடிக்கடி பட்டறைக்கு வருவார். என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். உறவு ஒன்றும் கிடையாது; ஆனாலும் இவரை மாப்ள என்பார், அதனால் நான் அவருக்குத் தங்கச்சியாகிவிட்டேன். பட்டாளத்தில் உழைத்துக் களைத்து ஏலத்துக்கு வந்த ஒரு ஜீப்பை வாங்கி வைத்திருந்தார். நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டி. அதற்குத்தான் மாதத்துக்கு ஒரு டயர் என்று தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, கல்லுல ஏறுனா கிழியுது, மழ பேஞ்சா வழுக்குது. இந்தக் கம்பெனிக்காரன் டயரெல்லாம் தார் ரோட்டுலயே தாலாட்டி வளத்தது போல. மண்ணைப் பாத்தாலே மயக்கம் போடுது” என்று ஒருநாள் புலம்பினார்.

“நான் செஞ்சு தாரேன் மச்சான். கல்லு, மண்ணு, மணலு, சகதி, எல்லாத்துலயும் போற மாதிரி ஒரே டயரு” என்றார் என் கணவர். டீ கொடுக்கப் போன நான் அதைக் கேட்டேன். குவாரிக்காரர் மறந்திருந்தாலும் மறந்திருப்பார். இவர் மறக்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் எங்கள் வீட்டில் நிம்மதியாக மாவு பிசைய முடியவில்லை. டயரின் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ரப்பர் கட்டைகளைத் தொழிலில் பட்டன் என்பார்கள். எந்த வடிவத்தில் பட்டன் வைத்தால் மண்ணைக் கவ்வும் என்று பார்க்க அவருக்கு மண் வேண்டும். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? சப்பாத்தி மாவு இருந்தது. மரத்துண்டுகளைச் சின்னச் சின்னப் பட்டனாகச் செதுக்கி, ஒரு உருளையைச் சுற்றி ஒட்டி, என் சப்பாத்திப் பலகையில் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருப்பார்.

“சாப்பிடுற மாவுல என்னங்க இது?”

“மண்ணுன்னு நெனச்சுக்க.”

“திங்கும்போதும் அப்பிடியே நெனச்சுக்கிறவா?”

அவர் காதில் விழவில்லை. ஜீப் ஏறிப்போன தடத்தோடு நாங்கள் நிறைய சப்பாத்தி சாப்பிட்டோம். அந்தப் பள்ளங்களில் குருமா அழகாகத் தங்கியது. அதை மறுக்க மாட்டேன்.

கடைசியில் ஒரு வடிவம் அவருக்குப் பிடித்துப்போனது. லேத் பட்டறையில் சொல்லி மோல்டு செய்து, ஐந்து பழைய டயர்களை அதில் வேகவைத்து எடுத்தார். ஆமைக்கும் பலாப்பழத்துக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது ஒவ்வொன்றும். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து மளிகை மொத்தக் கடைக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, “இது எதுக்குண்ணே, எண்ணெய் ஆட்டுறதுக்கா?” என்று கேட்டார். என் கணவர் ஒரு வாரம் அவர் கடையில் புளி வாங்கக் கூடாது என்று தடை போட்டார்.

டயரைச் சோதித்துப் பார்க்கக் குவாரி ஜீப்பே வந்தது. கொண்டுவந்த டிரைவர், டயர் மாட்டி முடித்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். “அண்ணே, எங்க பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லண்ணே, நான் போறேன்” என்று சொல்லிவிட்டு மேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். டிரைவர்களுக்கும் மானம் மரியாதை இருக்கிறது.

என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டும்போது தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரோட்டைப் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை வெட்டி வேலை. யானைக்கல் பக்கம் ஒரு இளநீர் வண்டியை அப்படித்தான் ஒருமுறை சந்தித்தார். ஆகவே ஓட்ட வேறு ஆள் வேண்டும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு ஓட்டத் தெரியும். எங்கள் பருத்தி வேனில் என் அண்ணன்மார் பழகியபோது நானும் பழகினேன். அவர்களைவிடக் குறைவாக இடித்தேன் என்பதால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. லைசென்சும் எடுத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அது பீரோவில் என் நகைகளுக்குப் பக்கத்தில், அவற்றைப் போலவே விசேஷ நாள் எதிர்பார்த்துக் கிடந்தது.

“நான் ஓட்டுறேன். ஆனா எனக்குப் பக்கத்துல உக்காந்து அங்க போ இங்க போன்னு சொல்லக் கூடாது” என்றேன்.

“சொல்ல மாட்டேன். நான் சக்கரத்தைத்தான பாக்கப் போறேன்.”

ஒரு பங்குனி மாதக் காலையில் புறப்பட்டோம். சிம்மக்கல்லைத் தாண்டி வைகைப் பாலத்தில் ஏறுவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த டயருக்குத் தார் ரோடு ஆகாது. ஒவ்வொரு பட்டனும் ரோட்டில் தனித்தனியாக அறைந்தது. வேகம் கூடக் கூட அந்த அறை எல்லாம் ஒன்றாகி, மாவு மில்லைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது போல ஒரு இரைச்சல். பாலத்தில் போன சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்து ஓரம் கட்டினார்கள். எனக்குப் பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியில் அந்த டிரைவரின் வாயும் கையும் அசைவதுதான் தெரிந்தது. கோரிப்பாளையத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் லாரி வருகிறதென்று நினைத்து எல்லாரையும் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். சின்னதாக ஒரு ஜீப் வந்து நின்று, அதற்குள்ளிருந்து சேலை கட்டிய ஒருத்தி அவருக்கு வணக்கம் வைத்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே!

“சத்தம் கொஞ்சம் கூடத்தான்!” என்று என் கணவர் என் காதில் கத்தினார். “நல்லதுதான்! ஹாரன் மிச்சம்!”

யானைமலை, ஒத்தக்கடை, பிறகு இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். மேலூருக்குச் சற்று முன்னால் ரோட்டோரத்தில் தன் வீட்டு வாசலில் குவாரிக்காரர் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் இஸ்திரி போட்ட வெள்ளைத் துண்டு. ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும் அவர் நடை லேசாகத் தடுமாறியது.

“தங்கச்சி ஓட்டுதாக்கும்?”

“ஆமாண்ணே. ஏறுங்க.”

ஏறினார். மேலூர்ச் சந்தை தெரிய ஆரம்பித்ததும் என் கணவரின் முதுகைத் தட்டினார். வண்டியை நிறுத்தச் சொல்கிறார் என்று புரிந்து நிறுத்தினேன்.

“மாப்ள, தப்பா நெனைக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டுல எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுக. நான் எறங்கி அப்பிடியே பொடிநடையா வாரேன். நீங்க தாண்டிப் போயி அந்தப் பக்கம் நில்லுங்க.”

ஒரு பெண் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து ஊருக்குள் போனால் கல் உடைக்கிறவர்கள் மத்தியில் பேர் கெட்டுவிடுமாம். சொன்னது போலவே இறங்கி, யாரோ போல நடந்து வந்தார். நாங்கள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தோம். வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து ஏறினார். சந்தையில் அவரைப் பார்த்த அத்தனை பேரும் ஜீப் எங்கே, ஏன் நடக்கிறீர்கள், குவாரி படுத்துவிட்டதா என்று விசாரித்திருக்கிறார்கள். இதற்கு ஏறியே வந்திருக்கலாம்.

குவாரியில் டயர் என் கணவர் மானத்தைக் காப்பாற்றியது. உடைந்த கருங்கல் சில்லுகள் கத்தி கத்தியாகக் கிடந்த சரிவில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். பட்டன்கள் கல்லைப் பிடித்து, விட்டு, அடுத்த கல்லைப் பிடித்து, பல்லி சுவரில் போவது மாதிரி வண்டி போனது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உச்சியில் திருப்பி, அதே சரிவில் இறங்கினேன். என் கணவர் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடிவந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். கீறல் இருந்தது, கிழிசல் இல்லை. பின்னாளில் எங்கள் பிள்ளை முதல்முதலாக நடந்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

“அடுத்து சகதி” என்றார்.

பங்குனியில் சகதிக்கு எங்கே போவது? குவாரிக்காரர் யோசித்தார். குவாரிக்குப் பின்னால் வண்டிப்பாதையில் போனால் பக்கத்து ஊர்க் கண்மாய் வரும். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடக்கும். ஓரமெல்லாம் நல்ல களிமண் சேறு என்றார். போனோம். கருவேல மரங்களைத் தாண்டிக் கரையில் ஏறியதும் நான் பிரேக் போட்டேன்.

எதிர்க்கரை முழுக்க மனிதத் தலை. பெண்கள், ஆண்கள், கைப்பிள்ளைக்காரிகள், பக்கத்து ஊர்களிலிருந்து வந்த மாட்டுவண்டிகள். ஒரு சத்தமில்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் கணவர் இறங்கி, இடுப்பில் கை வைத்து, அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். “விசயம் பரவிருச்சு போலயே மச்சான். இம்புட்டு ஆளு வந்திருக்கு டயரைப் பாக்க.”

“மாப்ள, அது மீன் பிடிக்க வந்த கூட்டம். இன்னிக்கு இந்த ஊர்ல மீன்பிடித் திருவிழா போல. சாமி கும்பிட்டு ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கும். நம்ம இந்த ஓரமா ஒரு ஓட்டு ஓட்டிட்டுப் போயிருவோம்.”

இதில் என்ன தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். நான் கரையிலிருந்து சேற்றுக்குள் இறங்கி, தண்ணீர் ஓரமாகப் போய், வளைத்துக் கரையேற வேண்டும். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் நின்று சக்கரத்தைப் பார்ப்பார். அவர் தயாரானதும் எனக்குச் சைகை காட்ட வேண்டும். இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது. ஆகவே குவாரிக்காரர் கரைமேல் உயரமான இடத்தில் ஏறி நின்று துண்டை வீசுவது என்று முடிவானது.

மேலூர்ச் சீமையில் மீன்பிடித் திருவிழா எப்படி ஆரம்பிக்கும் என்பது அங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஊர்த் தலைவரான அம்பலகாரர் மடைப்பக்கம் நின்று, சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அதுவரை ஒரு ஆள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார். துண்டு அசைந்ததும் அத்தனை பேரும் பாய்வார்கள். நான் பருத்திக் காட்டுப் பக்கத்துக்காரி, எனக்கு அது தெரியாது. என் கணவருக்கு டயரைத் தவிர எதுவும் தெரியாது. குவாரிக்காரருக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து அந்தத் துண்டைப் பார்த்து ஓடி மீன் பிடித்து வளர்ந்தவர் அவர். அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தார் என்று அந்தக் கண்மாய்க்குத்தான் தெரியும்.

கரைமேல் ஏறினார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். இஸ்திரி மடிப்பை உதறினார். தலைக்குமேலே நன்றாக நாலு வீச்சு வீசினார்.

நான் கிளட்சை விட்டேன். ஜீப் சேற்றில் இறங்கியது. அதே நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டயர் இரைச்சலையும் மீறி அது எனக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் கரை முழுக்க அப்படியே சரிந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது, பெண் ஓட்டுவதைப் பார்த்து அடிக்க வருகிறார்கள் என்பதுதான். குவாரிக்காரர் காலையில் செய்த வேலையால் என் புத்தி அந்தப் பக்கமே போயிருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கையில் வலை, கூடை, சேலை, சாக்கு. வாயெல்லாம் சிரிப்பு. ஒருவராவது ஜீப்பைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லார் கண்ணும் காலடியில்.

“நிறுத்தாத! நிறுத்துனா பொதஞ்சுரும்! மிதி, மிதி!” என்று என் கணவர் பக்கத்தில் சேற்றில் விழுந்து எழுந்து கத்தினார்.

எனக்கு நேர் முன்னால் ஒருத்தி வலையைத் தரையில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பிரேக்கில் ஏறி நின்றேன். மிதித்த மிதியில் செருப்பு கழன்றுவிட்டது. ஜீப் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அசைந்து, மெதுவாக, சாவகாசமாக, தண்ணீர் ஓரச் சேற்றில் உட்கார்ந்தது. குனிந்திருந்தவள் நிமிரவே இல்லை. வலையைத் தூக்கி, முழங்கை நீள விரால் ஒன்றை வாரி எடுத்து, “ஏத்தா, இதச் செத்த நேரம் வச்சிரு, வாரேன்” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதுதான் ஆரம்பம். கண்மாய்க்குள் உயரமாக, பத்திரமாக ஒரு இடம் இருப்பதை மற்றவர்களும் கண்டுகொண்டார்கள். பின் சீட்டில் கெளுத்தி விழுந்தது. பானெட்டில் கெண்டை விழுந்தது. ஒருவர் மீனைக் கட்டிய தன் வேட்டி முடிச்சை அப்படியே ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுப் போனார். கூட்டத்துக்கு மிரண்ட மீனெல்லாம் ஜீப்பின் அடியில் நிழலில் போய் ஒளிந்தன போலிருக்கிறது; அதைக் கண்டுபிடித்தவர்கள் ஊத்தாவோடு வந்துவிட்டார்கள். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. சேற்றில் அழுத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே மாட்டிய மீனைத் தடவி எடுப்பார்கள். சக்கரத்துக்குச் சக்கரம் ஊத்தா வைத்துத் தடவினார்கள். என் கணவர் அவர்களை விலக்கி டயரைப் பார்க்க முயன்றார். அவர் தலையையும் ஒருவர் ஊத்தாவுக்குள் பிடித்துவிட்டு, “அட, ஆளு!” என்று விட்டார்.

பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. எந்த மீன் யாருடையது என்று நான் ஒதுக்கி வைக்க ஆரம்பித்திருந்தேன். “பச்சச் சேலையோடது இங்க, மீசக்காரர்து அங்க” என்று நானே அதட்டிக்கொண்டிருந்தேன். சேலை முழுக்கச் செதில். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்போதுதான் அம்பலகாரர் வந்தார். ஒரு கையில் உடைக்காத தேங்காய். தோளில் வீசாத துண்டு. முழங்கால் சேற்றில் மெதுவாக நடந்து வந்தவரைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

“சூடம்கூடக் காட்டல. தேங்கா ஒடைக்கல. எவன்டா துண்டு வீசுனது?”

குவாரிக்காரர் கரையிலிருந்து இறங்கி வந்திருந்தார். அவர் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. சட்டைக்குள் வயிறு மட்டும் காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

என் கணவர் தலை முதல் கால் வரை சேறாக முன்னால் வந்தார். “ஐயா, கோவிச்சுக்காதீக. அது மீனுக்கு வீசுனதில்ல. டயருக்கு வீசுனது.”

“எதுக்கு?”

“டயருக்குங்கய்யா. புதுசாச் செஞ்ச டயரு. எல்லா மண்ணுலயும் போகும்.”

அம்பலகாரர் ஜீப்பைப் பார்த்தார். அது பாதி சக்கரம் வரை புதைந்து கிடந்தது.

“எங்க போகுது?” என்றார்.

யாரோ சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். மடியில் விரால், சுற்றிலும் மீன், ஸ்டியரிங்கில் வேட்டி முடிச்சு.

“நீதான் ஓட்டுனியாத்தா?”

“ஆமாங்கய்யா.”

“ஆளு மேல ஏத்தாம நிறுத்திட்ட?”

“ஆமாங்கய்யா. அதுலதான் பொதஞ்சு போச்சு.”

அவர் திரும்பிக் கண்மாயை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய சங்கடம் எனக்கே புரிந்தது. அசலூர்க்காரன் துண்டுக்கு ஊரே இறங்கிவிட்டது என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். சாமி கும்பிடாமல் ஆரம்பித்தால் மழை பெய்யாது என்று நாளைக்கு எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதே சமயம் மீன் பிரமாதமாக விழுந்துகொண்டிருந்தது. கரையேறுங்கள் என்றால் ஒரு ஈ காக்கா கேட்காது.

திடீரென்று ஜீப் பானெட்டில் ஏறினார். காலை வைக்க இடமில்லாமல் கெண்டைகளை ஒதுக்கி நான்தான் இடம் செய்து கொடுத்தேன். நிமிர்ந்து நின்று, “எல்லாரும் கையத் தூக்குங்கடா! இன்னும் தொடங்கல!” என்று ஒரு சத்தம் போட்டார். கண்மாய் முழுக்கக் கைகள் உயர்ந்தன. சிலர் கையில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிச் சாமியை வேண்டினார். குனிந்து முன் பம்பரில் தேங்காயை உடைத்தார். சரிபாதியாகப் போனது. துண்டை எடுத்து ஒரு வீச்சு வீசினார்.

“இப்பப் பிடிங்கடா!”

எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சாமிக்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

மீன் முடிந்த பிறகு ஜீப் மட்டும் மிச்சம். இழுவை லீவரைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். நாலு சக்கரமும் சுற்றின, வண்டி நகரவில்லை. என் கணவர் சேற்றில் படுத்து, பட்டன்களுக்கு நடுவே விரலை விட்டுத் தோண்டினார். களிமண் இடுக்கு இடுக்காக அடைத்து, மேலே பட்டனே தெரியாமல் வழவழவென்று மூடியிருந்தது. சப்பாத்தியில் குருமா தங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிடிக்கிற டயர் பிடித்ததை விடவும் வேண்டும். இது விடாப்பிடி டயர்.

“மொட்ட டயர விட மோசமாயிருச்சு” என்றார் அவர். அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஊரே சேர்ந்து தள்ளியது. ஏலேலோ போட்டுத் தள்ளி, அலாக்காகத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். இதில் டயரின் பங்கு எதுவும் கிடையாது. தூக்கிவிட்டதற்குப் பதிலாக அம்பலகாரர் ஒரு தண்டனை விதித்தார். முடியாதவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்று கண்மாய்க்கு வர இயலாத வீடுகளுக்கெல்லாம் ஊர்ப் பங்கு மீன் போக வேண்டும். அதை ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவரே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வழி சொன்னார். தெருத்தெருவாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தச் சொல்லி, தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். குவாரிக்காரர் பின் சீட்டில் மீனுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

திரும்பும்போது குவாரிக்காரரை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, டயரைத் திருத்துவதற்காக ஜீப்பை நாங்களே ஓட்டிக்கொண்டு வந்தோம். டயரில் காய்ந்த சேறு சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தது. ஒத்தக்கடை வந்ததும் நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

“நிறுத்தாதன்னு கத்துனீங்கள்ல? எனக்கு முன்னால பொம்பள குனிஞ்சு நின்னது உங்களுக்குத் தெரியலையா?”

“நான் எங்க ஆளப் பாத்தேன்? சக்கரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அதத்தான் கேக்குறேன்.”

அவர் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரோட்டைப் பார்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “நீ நிறுத்துனதுதான் சரி” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “ஆனா பொதஞ்சதுக்குக் காரணம் நீ நிறுத்துனதுதான்” என்றும் சேர்த்தார். சண்டை போட்டோம். பாலத்தில் ஏறும்வரை போட்டோம். நான் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது, டயர் பார்த்துக்கொண்டது.

அந்த வாரமே கத்தியைக் காய்ச்சி, ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டன்களை வெட்டி எடுத்தார். இடைவெளி அகலமானது. ஐப்பசி மழையில் குவாரிப் பாதைச் சேற்றில் ஓட்டிப் பார்த்தோம். சேற்றைப் பிடித்தது, பிடித்த வேகத்தில் பின்னால் எறிந்தது. பின்னால் ஓடிவந்த அவர் மேல்தான் அத்தனையும் விழுந்தது. சந்தோஷமாக நின்று வாங்கிக்கொண்டார். புது மோல்டு செய்து, பக்கத்துக் குவாரிகளுக்கும் கொடைக்கானல் மலையில் தோட்டம் வைத்திருந்த சிலருக்கும் அந்த டயரைப் போட்டுக் கொடுத்தார். சத்தத்தை மட்டும் கடைசிவரை குறைக்க முடியவில்லை. சில வருஷங்களில் கம்பெனிகளே அந்த மாதிரி டயரைச் சத்தமில்லாமல் செய்து இறக்கின. எங்கள் மோல்டு பட்டறை மூலைக்குப் போனது. அவர் அதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் டிராக்டர் டயரில் இறங்கிவிட்டார்.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த பங்குனியில் அம்பலகாரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தாம்பூலத்தோடு வந்திருந்தார்கள். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்திருந்ததாம். ஜீப் வந்து, பம்பரில் தேங்காய் உடைத்து, பானெட்டில் நின்று துண்டு வீசினால்தான் மீன் விழும் என்று ஊரில் பேச்சாகிவிட்டதாம். ஒரே வருஷத்தில் அது வழக்கமாகிவிட்டது. “வண்டிய அந்தத் தாயிதான் ஓட்டணும்னு அம்பலம் சொல்லிவிட்டாரு” என்றார்கள்.

டயரைப் பற்றி அம்பலகாரர் ஏதாவது சொன்னாரா என்று என் கணவர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லையாம்.

நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து, மீன் செதில் பட்டாலும் பரவாயில்லாத பழைய சேலையாக ஒன்று தேடினேன்.